ஒரு நிமிஷ மூச்சு

2003 செப்டம்பர். தூத்துக்குடியில் ஒரு நண்பர் வீடு. நண்பரின் தங்கைக்கு, கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால் ஒரு இ-மெயில் தட்டிவிடுவார். அதற்காகவே வாங்கிய கம்ப்யூட்டர். உள்ளூர்க் கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய மெஷின், விண்டோஸ் எக்ஸ்பி.

திடீரென்று அதற்குப் பேய் பிடித்துக்கொண்டது. மோடம் 'கீ கீ' என்று கத்தி, இணைப்பு கிடைத்து, கடிதம் திறக்கப்போகும் நேரம்... திரையில் ஒரு பெட்டி குதிக்கும். இன்னும் 60 விநாடியில் மெஷின் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு. 59, 58, 57... பூஜ்யம் வந்ததும் அணையும். தானாகவே மறுபடி கண் விழிக்கும். மறுபடி மோடம், மறுபடி பெட்டி. பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் அங்கேயும் இதே கூத்து!

"கரண்ட் சரியில்லை" என்றார் நண்பர். "எல்லாம் உப்புக் காத்து" என்றார் பாட்டி. ரிப்பேர் பார்க்க வந்தவர், "மதர்போர்டு போச்சு தங்கச்சி" என்று நாலாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டார். பக்கத்து வீட்டு ப்ளஸ் டூ பையன்தான், "அக்கா, போன் ஒயரைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணிப் பாருங்க" என்றான். பிடுங்கினார். ஒரு மணி, ரெண்டு மணி நேரம்... மெஷின் சமர்த்தாக ஓடியது. ஆக, வினை மெஷினுக்குள் பிறக்கவில்லை, ஒயர் வழியாக வருகிறது!

வந்த ஆசாமியின் பெயர் பிளாஸ்டர். 2003 ஆகஸ்ட் 11 அன்று வெளியே தெரிந்த புழு. சில நாட்களில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. நீங்கள் எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டாம், எதையும் க்ளிக் செய்ய வேண்டாம். இணைப்பில் இருந்தாலே போதும், தானாக வந்து கதவைத் தட்டும். விண்டோஸில் 'ஆர்.பி.சி.' என்று ஒரு சேவை உண்டு. அதில் ஒரு ஓட்டை. அடைப்பதற்கான ஒட்டு ஜூலை 16-ம் தேதியே வெளியாகிவிட்டது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் போட்டோம், சொல்லுங்கள்!

இதில் ஒரு வேடிக்கை. எதிரே இருப்பது எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-மா என்று புழுவுக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு பாயும். ஊகம் தப்பினால் ஆர்.பி.சி. செத்துவிழும். அது இல்லாமல் எக்ஸ்பியால் நிற்க முடியாது. அதனால், 'ஒரு நிமிஷம் தருகிறேன், வேலையை மூட்டை கட்டு' என்று சொல்லி ரீஸ்டார்ட் ஆகும். அதாவது, அந்தப் பெண்ணை அழவைத்த பெட்டி பல சமயம் புழு சறுக்கி விழுந்ததின் அடையாளம்!

ரீஸ்டார்ட் என்பதே கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1969 ஜூலை 20, அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கம்ப்யூட்டர் வேலைப்பளு தாங்காமல் '1202' என்று அலறியது. சில்லறை வேலைகளைக் கீழே போட்டுவிட்டு, இறங்குகிற வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு, நொடியில் மறுபடி துவங்கியது. ஒரு முறை அல்ல, பல முறை. ஆம்ஸ்ட்ராங் பத்திரமாக இறங்கினார்.

நம்ம தூத்துக்குடிக்கு இந்த ஒரு நிமிஷக் கணக்கு புதுசும் இல்லை. முத்துக்குளிக்க இறங்குகிறவர் காலைக் கல்லில் ஊன்றி, கயிற்றைப் பிடித்துக் கடலுக்குள் போவார். ஏறக்குறைய ஒரு நிமிஷ மூச்சு. கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். சுறா பயத்துக்குத் தனி ஏற்பாடு: மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டுகிற 'கடல்கட்டி'. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதுகிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம், ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம். வருஷா வருஷம் காலாவதியாகும் ஆன்ட்டி-வைரஸ் சந்தாவுக்கு இவர்கள்தான் முன்னோடி! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

சரி, பையன் எந்தக் கயிற்றை இழுத்தான்? பெட்டி வந்ததும் 'ஸ்டார்ட்', 'ரன்' போய், 'ஷட்டவுன்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் 'ஏ' எழுத்தும் போட்டான். எண்ணிக்கை 41-ல் நின்றது! பிறகு எக்ஸ்பியில் தூங்கிக்கொண்டிருந்த ஃபயர்வாலை எழுப்பினான். (அது தானாகவே விழித்திருக்க ஆரம்பித்தது 2004 ஆகஸ்ட்டில் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகுதான்.) அப்புறம் ஒட்டு. அப்புறம் புழு நீக்கி.

ரெண்டு வருஷம் கழித்து அதே மெஷின் மறுபடி ஆட ஆரம்பித்தது. இந்த முறை பெட்டி இல்லை, எண்ணிக்கை இல்லை, ஒயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை. எக்ஸ்பியில் 'தானாக ரீஸ்டார்ட் ஆகு' என்று ஒரு டிக் உண்டு. அதை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நின்று பிழையின் எண்ணைக் காட்டும். எடுத்தார்கள். நீலத் திரையே வரவில்லை. அப்படியென்றால் சூடு, பவர் சப்ளை, அல்லது போர்டு. மூடியைக் கழற்றினால், மதர்போர்டில் நின்ற குட்டி கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவத்தில் சேர்மானம் சரியில்லாமல், ஹைட்ரஜன் வாயு உண்டாகிப் பிதுங்கிய பாகங்கள். 1999-க்குப் பிறகு சில வருஷங்கள் உலகச் சந்தை முழுக்க இந்தச் சரக்கு புகுந்திருந்தது. டெல் நிறுவனம் இதற்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆக, நாலாயிரம் கேட்டவர் அப்போது வந்திருந்தால் அவர் சொன்னது சரி! ஆனால் ஒரு ரேடியோ மெக்கானிக் சால்டரிங் வைத்து ஆறு கெப்பாசிட்டரை மாற்றிக் காரியத்தை முடித்துவிட்டார்.

அந்த முதல் கடிதத்தில் என்னதான் இருந்தது என்கிறீர்களா? நாலே வரி. கப்பல் கொழும்பில் நிற்கிறது, மூணு நாள் இருப்போம், இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தார்கள். பதினோரு நாள் பழசு.