மாத்தளனில் மயக்க மருந்து

2009 பெப்ரவரி தொடக்கத்தில், எறிகணை விழுந்துகொண்டிருந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலையை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டி வந்தது. பிறகு புதுமாத்தளன் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. சத்திரசிகிச்சைப் பொருட்கள் உள்ளே போகாமல் அரசு தடுத்ததாக 2011இல் ஐ.நா. நிபுணர் குழு குற்றம் சாட்டியது. மயக்க மருந்து இல்லாமல் என்ன சத்திரசிகிச்சை?

மயக்க மருந்தெண்டால் எல்லாருக்கும் ஒரே அளவு எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். இல்லை. மூச்சோடு உள்ளிழுக்கும் மயக்க வாயு சில மாதக் குழந்தைக்குத்தான் ஆகக்கூடிய செறிவில் தேவைப்படும். 40 வயசுக்குப் பிறகு, பத்து வருசத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

போர்க்களத்து மருந்து வேறை: கெற்றமின். 1962இல் அமெரிக்காவில் உருவாக்கி, வியட்நாம் போரில் பாவித்தது. ஊசி போதும், மெசின் வேண்டாம், பெரும்பாலும் மூச்சும் நிற்காது. தெளியேக்க பயங்கரக் கனவுகள் வரும். அது பெரியாக்களுக்குத்தான் கூட, சின்னப்பிள்ளைகளுக்குக் குறைவு. அளவு நிறையைப் பொறுத்தது, முதியவர்களுக்கு இன்னும் குறைக்கவேணும். பங்கருக்குள்ள பட்டினி கிடந்து மெலிஞ்ச பிள்ளைக்கு வயசைக் கேட்டு நிறையை மதிக்க ஏலாது.

இந்தக் கணக்கெல்லாம் மருந்து கையில் இருக்கேக்கதான். மாத்தளனில் அது போதாமல்தான் கையும் காலும் அகற்ற வேண்டி வந்தது, குழந்தைக்கும் கிழவருக்கும்.