கொல்லைப்புறக் கொட்டகையும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும்

1948 ஜூலை 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலத்தின்மேல் கட்டும் உரிமை நில உடைமையிலிருந்து பிரிக்கப்பட்டது. நிலம் உடையவரிடமே இருந்தது. அதில் புதிதாக ஒன்றை எழுப்பவோ, அதன் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவோ உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதி தேவையாயிற்று. இதற்கு வழிசெய்த நகர் ஊரமைப்புச் சட்டம் 1947 ஆகஸ்ட் 6 அன்று, அதாவது இந்தியா விடுதலை பெறுவதற்கு ஒன்பது நாள் முன்னர், அரச ஒப்புதல் பெற்றது. அட்லி அரசில் இதனை முன்னெடுத்தவர் லூயிஸ் சில்கின். நிலத்தின் மதிப்பு உயர்வதற்கு உடைமையாளரின் உழைப்பைவிடச் சமூகத்தின் வளர்ச்சியே காரணம், ஆகவே அவ்வுயர்வில் சமூகத்துக்கு உரிமை உண்டு என்னும் கருத்து 1942-இல் வெளியான அத்வாட் குழு அறிக்கைக்குப் பின் வலுப்பெற்றிருந்தது. அனுமதியால் விளையும் மதிப்புயர்வு முழுவதையும் அரசே பெறும் வகையில் ஒரு கட்டணமும் விதிக்கப்பட்டது. கன்சர்வேடிவ் ஆட்சி 1953-இல் அக்கட்டணத்தை நீக்கிவிட்டது. அனுமதி முறை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இத்தகைய பெருஞ்சட்டம் ஒரு கோழிக்கூட்டின்முன் தடுமாறியது. ‘மேம்பாடு’ என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறை, நிலத்தினுள்ளும் மேலும் கீழும் செய்யப்படும் கட்டட, பொறியியல், சுரங்கப் பணிகளையும் பிற பணிகளையும் தழுவிக்கொள்ளும் அளவுக்கு அகன்றது. அதனை எழுத்தளவில் கைக்கொண்டால், கொல்லையில் நான்கு பலகைகளை நிறுத்திக் கூரையிடுபவரும் மன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவரே. ஆகவே இரண்டு வாயில்கள் திறந்துவிடப்பட்டன. வீட்டு வளாகத்துக்குள் உள்ள கட்டடத்தையோ நிலத்தையோ வீட்டுக்குத் துணையான நோக்கங்களுக்குப் பயன்படுத்துவது மேம்பாடே அன்று எனச் சட்டம் விலக்களித்தது. அத்தகைய நோக்கங்களுக்குத் தேவைப்படும் சிறு கட்டடங்கள், குறித்த அளவுக்குள் இருந்தால், விண்ணப்பமின்றியே அனுமதி பெற்றவையாகக் கருதப்படும் என்பது சட்டத்தின்கீழ் வெளியான பொது ஆணை. முன்னது பயன்பாட்டைப் பற்றியது, பின்னது கட்டுமானத்தைப் பற்றியது. இவ்வேறுபாடு நுண்ணியதாகத் தோன்றினாலும், பின்னாளில் முதியோர் பலருடைய இருப்பிடத்தை இதுவே தீர்மானித்தது.

இவ்விரண்டு வாயில்களுக்கும் ஒரே சொற்றொடர்தான் திறவுகோல். அதனைத் தமிழில் ‘வீட்டை வீடு என்ற அளவில் அனுபவிப்பதற்குத் துணையான நோக்கம்’ எனலாம். இதிலுள்ள ‘அனுபவித்தல்’ ஆங்கிலப் பொதுவழக்கில் மகிழ்தலைக் குறிக்கும் சொல். சட்ட வழக்கிலோ அது இடையூறின்றித் தன்வசம் வைத்துப் பயன்கொள்ளுதலையே குறிக்கும். தமிழ்ப் படிப்பாளருக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதன்று. நம் கிரயப் பத்திரங்களில் வரும் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ளுதல்’ மகிழ்ச்சியைப் பற்றிய தொடரா என்ன! ‘துணையான’ என்று இங்குக் குறிக்கப்படும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘மேல் வந்து விழுதல்’ என்பது. அன்றாடப் பேச்சில் அது தற்செயலானதைச் சுட்டும். நீதிமன்றத்தில் ஒன்றுக்கு அடங்கி நிற்பதைச் சுட்டும். ஆயினும் பெரும் பாரத்தைச் சுமப்பது ‘வீடு என்ற அளவில்’ என்னும் இறுதிச் சிறுதொடரே. உடைமையாளர் விரும்பும் வாழ்க்கைக்குத் துணையாயிருந்தால் போதாது, வீடு என்ற ஒன்றுக்கே துணையாக வேண்டும். வீடு என்பது யாது என்ற கேள்வியை நீதிபதியின் மேசைமேல் வைத்துவிட்டு, சட்டத்தை வரைந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டனர்.

இத்தொடர் கடல் கடந்தும் வந்தது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ‘மேம்பாடு’ என்பதற்குத் தரும் வரையறையில் அந்தப் பிரிட்டிஷ் வாசகம் ஏறத்தாழ அப்படியே இடம்பெறுகிறது. வீட்டு வளாகத்துக்கான விலக்கும் உடன்வந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் டெல்லி மேம்பாட்டுச் சட்டத்திலும் அதே கட்டட, பொறியியல், சுரங்கப் பணிகளின் வரிசையைக் காணலாம்.

கொட்டகைக்கு அனுமதி தந்த ஆணை வெறும் கொட்டகை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வீட்டாரின் தேவைக்காகவோ விருப்பத்துக்காகவோ கோழி, தேனீ, செல்லப் பிராணிகள், பறவைகள் ஆகியவற்றை வளர்ப்பதற்கான கட்டடங்களும் அதில் அடங்கும் என விரித்துக் கூறியது. இப்பட்டியலின் பின்னே நிற்பது போர்க்காலத் தோட்டம். 1939 பிப்ரவரியில் லண்டனின் இஸ்லிங்டனில் தொடங்கி, ஆண்டர்சன் பதுங்கிடம் எனப்பட்ட நெளித்தகட்டுக் கூடுகள் வீட்டுத் தோட்டங்களில் பாதியளவு மண்ணுக்குள் புதைத்து நிறுவப்பட்டன. ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்கு உட்பட்டோருக்கு இலவசம். ஏனையோருக்கு விலை 7 பவுண்டு. போர் தொடங்குமுன் சுமார் 15 லட்சமும், போர்க்காலத்தில் மேலும் 20 லட்சத்துக்கு மேலும் வழங்கப்பட்டன. இவை யார் பெயரால் வழங்கினவோ அந்தச் சர் ஜான் ஆண்டர்சன், 1937 வரை வங்காளத்தின் ஆளுநர். வங்கப் புரட்சியாளர்களை அடக்கியவர் என்றே இந்திய வரலாற்று மாணவர் அவரை அறிவர். பிரிட்டிஷ் நினைவிலோ அவர் தோட்டத்துத் தகரக்கூட்டின் பெயர். போர் முடிந்தபின் அக்கூடுகள் பலவற்றை மக்கள் பெயர்த்தெடுத்து மண்வெட்டியும் மிதிவண்டியும் வைக்கும் கொட்டகைகளாக்கிக்கொண்டனர்.

கோழியும் அவ்வாறே போரின் மிச்சம். உணவுப் பங்கீட்டுக் காலத்தில் கொல்லையில் கோழியும் முயலும் வளர்க்குமாறு அரசே ஊக்குவித்தது. ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் பல அவற்றை வளர்க்கத் தடைவிதித்திருந்தன. 1950-ஆம் ஆண்டின் தோட்டப் பங்கீட்டுச் சட்டம் 12-ஆம் பிரிவில், நிலத்தில் குடியிருப்பவர் கோழியும் முயலும் வளர்ப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகங்கள் செல்லாவென அறிவித்தது. சேவலுக்கு அச்சலுகை இல்லை. வணிகத்துக்காக வளர்ப்பதும் விலக்கப்பட்டது. நாட்டு நிலம் முழுவதன் எதிர்காலத்தையும் அரசின் கையில் வைத்த அதே ஆட்சி, கோழிக்கூட்டளவு நிலத்தைக் குடியிருப்பவரிடம் திருப்பித் தந்தது. இதனைப் பெருந்தன்மை என்பதைவிட நிர்வாகச் சிக்கனம் என்பதே பொருத்தம். ஒவ்வொரு கூட்டுக்கும் விண்ணப்பம் வாங்கி ஆராய எந்த மன்றத்திடம் ஆள் இருந்தது?

அளவுகளைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. அடிக்கணக்கு வழங்கிய காலத்தில் முகட்டுக் கூரைக்கு 12 அடி, பிறவற்றுக்கு 10 அடி. பின்னர் அவை 4 மீட்டராகவும் 3 மீட்டராகவும் மாறின. இன்று இங்கிலாந்தில் நடப்பிலுள்ள 2015-ஆம் ஆண்டு ஆணையின்படி, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் அமையும் கட்டடம் 2.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஒரே தளமாக இருக்க வேண்டும். வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக் கூடாது. வீடு நீங்கலான வளாகத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களால் மூடப்படக் கூடாது. அளவுநாடா கையிலிருந்தால் இவற்றை எவரும் சரிபார்த்துவிடலாம்.

அளவுநாடாவுக்கு அகப்படாதது நோக்கம். பொழுதுபோக்குக்கான பெரிய கட்டடங்களைப் பற்றி 1989-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், கட்டடத்தின் பருமன் மட்டுமே முடிவான அளவுகோல் அன்று, அதனுள் நடக்கவிருக்கும் செயலின் இயல்பும் அளவும் வீட்டுக்கு அடங்கி நிற்கின்றனவா என்றே பார்க்க வேண்டும் என நீதிமன்றம் விளக்கியது. அதனையடுத்து வேல்ஸிலிருந்து வந்தது 44 நாய்களின் வழக்கு. நாய்களை வளர்த்தவர் வணிகம் செய்யவில்லை. அவை அவருக்கு அன்பும் பொழுதுபோக்கும் ஆனவை. ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைமையாளரின் விருப்பத்தை மட்டும் கொண்டு தீர்மானிக்க மறுத்தது. ஒரு வீட்டுக்கு நியாயமான அளவு எது என்ற புறவயமான கேள்வியும் எழும் என்றது. தெற்கு லண்டனின் க்ராய்டனில் ஒருவர் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் முழு அளவு மாதிரியைத் தம் வீட்டில் வைத்திருந்தார். அதுவும் ‘வீடு என்ற அளவில்’ வீட்டுக்குத் துணையானது அன்றெனத் தீர்ந்தது. போர் விட்டுச்சென்ற தகரக்கூடு வீட்டுக்குத் துணை. போர் விட்டுச்சென்ற விமானத்தின் மாதிரி துணையன்று. இரண்டுக்கும் இடையிலான கோட்டைச் சட்டநூலில் தேடிப் பயனில்லை. சராசரிக் குடும்பத்தைப் பற்றி நீதிபதிகளுக்கு இருந்த மனச்சித்திரமே அக்கோடு.

நாய்க்கும் விமானத்துக்கும் நேர்ந்ததைச் சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். மனிதர் உறங்கும் இடமென்றால் அவ்வாறன்று. படுக்கையறை, குளியலறை, சமையலறை ஆகியவை வீட்டுக்குத் துணையானவை அல்ல, வீடே அவைதான் என்பது அரசின் வழிகாட்டுதலிலும் தீர்ப்புகளிலும் நிலைபெற்ற கொள்கை. ஆகவே முதிய தாய்க்கெனத் தோட்டத்தில் தனிக் கட்டடத்தைப் புதிதாக எழுப்பினால், பொது ஆணையின் வாயில் அதற்குத் திறக்காது. ஏற்கெனவே உள்ள கார்க் கொட்டகையை அவருக்கான அறையாக்கி, அவர் குடும்பத்தோடு ஒன்றியே வாழ்வாராயின், மனையின் பயன்பாடு மாறவில்லை எனக் கருத இடமுண்டு. தாயும் ஒருவரே, தோட்டமும் ஒன்றே. அவர் எந்த வாயில் வழியாக வந்தார் என்பதே வேறுபாடு.

2010-க்குப் பின் இக்கொள்கை முற்றிலும் வேறொரு களத்தை எதிர்கொண்டது. சவுத்தாலை உள்ளடக்கிய ஈலிங், அதன் மேற்கிலுள்ள ஸ்லௌ போன்ற பகுதிகளில், கருவிக் கொட்டகை என்ற பெயரில் எழும்பிய கட்டடங்களில் புலம்பெயர்ந்த தொழிலாளர் வாடகைக்குக் குடியிருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவர்களுள் தெற்காசியர் பலர். 2012-இல் அரசு இதற்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டு, ஒன்பது மன்றங்களுக்கு 18 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. 2013-இல் ஸ்லௌ மன்றம் விமானத்திலிருந்து வெப்பப்படம் எடுத்துத் தோட்டங்களை ஆராய்ந்தபோது, ஐயத்துக்குரிய கட்டடங்கள் 6,000-க்கு மேல் தென்பட்டன. மண்வெட்டிக்குக் குளிராது, ஆதலால் வெப்பம் கசியும் கொட்டகையில் மனிதர் இருக்கக்கூடும் என்பதே அவ்வாய்வின் தருக்கம்.

அக்கொட்டகைகள் பலவற்றில் ஈரமும் நெருக்கடியும் தீ அச்சமும் உண்மையானவை; அவற்றை மன்றங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும் என எவரும் வாதிட முடியாது. ஆனால் 1947-இன் சொற்றொடர் அங்கே கேட்கும் கேள்வி வேறு. உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. அவர் வீட்டுக்குத் துணையானவரா என்றே கேட்கிறது. அவரது நலத்தைக் கேட்பவை வீட்டுவசதிச் சட்டங்கள்; அவற்றைக் கையாளும் அலுவலர் வேறு, கோப்பு வேறு. இதற்கிடையே காலமும் ஒரு தரப்பாக நின்றது. தனிக் குடியிருப்பாக நான்காண்டுகள் நடவடிக்கையின்றிக் கழிந்துவிட்டால் அது சட்டப்படியானதாகிவிடும் என்னும் விதி, மறைத்து வாடகைக்கு விட்டவருக்கே பெரிதும் உதவியது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அக்காலம் பத்தாண்டாக நீட்டப்பட்டுள்ளது.

நடவடிக்கை எடுக்கப்படும்போது அறிவிக்கை உடைமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் அனுப்பப்படும். தனிக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதை நிறுத்துக, அடுப்பையும் குளியலறைச் சாதனங்களையும் அகற்றுக என்பதே பெரும்பாலும் அதன் வாசகம். கட்டடம் உயர அளவுக்குள் இருந்தால், அதனை இடிக்கச் சொல்லாமலும் விடலாம். குடியிருந்தவர் வெளியேறியபின், அதே கொட்டகைக்குள் புல்வெட்டும் இயந்திரத்தை வைத்துப் பூட்டிக்கொள்ள உடைமையாளருக்கு எத்தடையும் இராது.