படைப்பொம்மையின் வண்ணமும் வரலாற்றுச் சான்றும்: 1746 அடையாற்றுப் போரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேசைப் போர் விளையாட்டிற்கான சிற்றுருப் படைகளுக்கு வண்ணம் தீட்டுவோர் சீருடைச் சான்றுகளைத் தேடித் தொகுத்தே தூரிகையை எடுக்கின்றனர். அம்முறையை 1746-ஆம் ஆண்டு அடையாற்றுப் போருக்குப் பொருத்தினால், அப்போரில் வென்ற படையின் பெரும்பகுதியினர் எந்த நிறத்தில் உடுத்தினர் என்பதற்கு உறுதியான விடை கிட்டுவதில்லை. இக்கட்டுரை அவ்விடைவெளியின் காரணங்களை ஆராய்கிறது. மயிலாப்பூர்க் கொலுப் பொம்மை மரபையும் பொள்ளிலூர்ப் போர்ச் சுவரோவியத்தையும் ஒப்பிட்டு, வண்ணப்பூச்சு ஒரு வரலாற்றுக் கூற்று என்பதால் அதற்குரிய சான்றின் தரமும் உடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: அடையாற்றுப் போர், சிப்பாய், சீருடை, சிற்றுருப் படை, கொலுப் பொம்மை, மறுபூச்சு.

முன்னுரை

போரை மேசையில் நடத்திப் பார்க்கும் வழக்கம் பிரஷ்யப் படைத்துறையில் 1824-இல் முறையான விதிகளைப் பெற்றது. அங்கு அது அதிகாரிகளுக்கான பயிற்சி. இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற ஈய வார்ப்புப் பொம்மைகளை உருவாக்கியபின் சிற்றுருப் படைகள் நடுத்தரக் குடும்பங்களையும் எட்டின. எச். ஜி. வெல்ஸ் 1913-இலும் டொனால்டு ஃபெதர்ஸ்டோன் 1962-இலும் வெளியிட்ட விதிநூல்கள் இதனைப் பொழுதுபோக்காக நிலைநிறுத்தின. இன்று பரவலாகப் பயன்படும் உருவங்கள் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. விளையாடும் நேரத்தைவிட அவற்றுக்கு வண்ணம் தீட்டும் நேரமே பெரும்பாலும் மிகுதி.

ஓர் உருவத்திற்கு வண்ணம் தீட்டுபவர் எதனையும் பொதுப்படையாக விட்டுவிட இயலாது. வரலாற்று நூலாசிரியர் ‘சிப்பாய்கள் ஆற்றைக் கடந்தனர்’ என்று எழுதி அடுத்த வரிக்குச் செல்லலாம். தூரிகை பிடித்தவரோ தலைப்பாகை, சட்டை, இடைக்கச்சை, கால் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தை முடிவு செய்தே ஆக வேண்டும். எழுத்தில் மறைந்துகிடக்கும் சான்றின்மை பூச்சில் வெளிப்பட்டுவிடுகிறது. இதுவே இப்பொழுதுபோக்கு வரலாற்றாய்வுக்குத் தரும் பயன்.

அடையாற்றங்கரையில் நடந்தது

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டை தம்மிடம் ஒப்படைக்கப்படும் என்று எதிர்பார்த்திருந்த ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன், அது நிறைவேறாமையால் தம் மகன் மாபூஸ் கானைப் படையுடன் அனுப்பினார். கோட்டையிலிருந்து வெளிப்பட்ட பிரெஞ்சுப் பிரிவொன்றிடம் முதலில் பின்வாங்கிய அப்படை சாந்தோமில் நிலைகொண்டது. புதுச்சேரியிலிருந்து கரையோரமாக வந்த மற்றொரு பிரிவைச் சுவிஸ் நாட்டுப் பொறியாளரான பாரடி நடத்தி வந்தார். அவரிடம் பீரங்கிகள் இல்லை. அடையாற்றின் வடகரையில் நவாபின் படை பீரங்கிகளுடன் காத்திருந்தது. பாரடியின் படை ஆற்றில் இறங்கிக் கடந்து, அணியாக நின்று சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளுடன் பாய்ந்தது. நவாபின் படை சாந்தோமின் தெருக்களுக்குள் ஒதுங்கிச் சிதறியது.

ஆங்கில ஆவணங்களில் இப்போரின் நாள் அக்டோபர் 24. பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் எழுந்த பதினொரு நாள் வேறுபாடு இது. தமிழ்க் கணக்கில் அட்சய ஆண்டு ஐப்பசித் திங்கள். இன்று குவிபிள் தீவு, சாந்தோம், அடையாறு முகத்துவாரம் என்று வழங்கும் பகுதிகளே அக்களமாகும்.

எண்ணிக்கை உணர்த்தும் உண்மை

நவாபின் படை ஏறத்தாழ 10,000 என்று மரபாகக் கூறப்படுகிறது. பாரடியின் படையில் ஐரோப்பியர் 230 பேர் என்றும் அதற்குச் சற்று மேல் என்றும் கணக்குகள் வேறுபடும். சிப்பாய்கள் ஏறத்தாழ 700 பேர். இருபது வீரருக்கு ஓர் உருவம் என்ற அளவைக் கொண்டால், நவாபின் பக்கம் 500 உருவங்கள் நிற்கும். எதிரே ஐரோப்பியர் 12 முதல் 15 உருவங்களும் சிப்பாய்கள் 35 உருவங்களும் நிற்பர்.

மேசையில் இவ்வுருவங்களை நிறுத்திப் பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது படைகளின் ஏற்றத்தாழ்வு. அடுத்துப் புலப்படுவது வென்ற அணியின் அமைப்பு. ‘பிரெஞ்சு வெற்றி’ என்று பாடநூல்கள் குறிக்கும் இந்நிகழ்வில், வென்றவருள் மூவரில் இருவருக்கு மேற்பட்டோர் இந்நாட்டவர். ஐரோப்பிய ஒழுங்குமுறைப் பயிற்சி இந்தியக் குதிரைப்படையை வென்றது என்ற வழக்கமான விளக்கம் பிழையன்று. ஆயின் அப்பயிற்சியைப் பெற்று ஆற்றில் இறங்கியவர் எவர் என்பதை அவ்விளக்கம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. வண்ணம் தீட்ட வேண்டிய உருவங்களில் மிகுதியானவையும் அவர்களுடையவையே.

சீருடைச் சான்றின் சமனின்மை

ஐரோப்பிய அரசுப் படைகளைப் பொறுத்தவரை சான்றுகள் வளமானவை. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் உடைகளை வண்ணப் படங்களாகக் காட்டும் தொகுப்பு 1742-இலேயே வெளிவந்தது. கைமடிப்பின் நிறத்தைக் கொண்டே ஒரு படைப்பிரிவை இனங்காணும் அளவுக்கு விவரங்கள் கிடைக்கின்றன.

1746-இன் சிப்பாய்க்கு அத்தகைய பதிவு இல்லை. அவர் தம் சொந்த உடையுடன் பணிக்கு வந்தவர். சிப்பாய் அணிகளைச் சென்னையில் ஆங்கிலேயர் ஒழுங்குபடுத்தத் தொடங்கியது 1748-க்குப் பின்; பட்டாளங்களாக அமைத்தது 1758-ஐ ஒட்டி. சிவப்புச் சட்டை பொதுமையானது அதன் பின்னரே. தஞ்சை ஓவியர்கள் கம்பெனி அலுவலர்களுக்காகத் தீட்டிய தொகுப்புகளில் சிப்பாயும் அவர் மனைவியும் இணையாகக் காட்டப்படுவதுண்டு. அவை அரை நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்டவை. அவற்றின் சிவப்பை அடையாற்றுக் களத்தின்மேல் ஏற்றுவது காலவழு ஆகும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சமகாலத்தது, பரிசளிப்பிலும் மரியாதைகளிலும் கூர்ந்த நோக்குடையது. எனினும் அது புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த செய்திகளின் பதிவு. களத்தில் நின்று கண்டெழுதியதன்று.

இந்நிலையில் துணைநிற்பது துணி வரலாறு. சோழமண்டலக் கரையின் பருத்தி நெசவு, அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு ஆகியவை அக்காலத்தில் இப்பகுதி மக்கள் எளிதில் பெறக்கூடியவை. ஆகவே சாயமேற்றாத பருத்தியின் மங்கிய வெண்மையை அடிப்படையாகவும் அவுரியையும் சாயவேரையும் தலைப்பாகைக்கும் கச்சைக்கும் உரியனவாகவும் கொள்வது பொருந்தும். பருத்தியில் ஏறிய சாயவேர்ச் சிவப்பு வேறு. பின்னாளில் வந்த ஆங்கிலக் கம்பளிச் சட்டையின் சிவப்பு வேறு. ஆயினும் இது நேர்ச்சான்றன்று, ஒப்புமையால் பெற்ற முடிபு.

இத்தகைய விவரங்கள் சிறியன என்று ஒதுக்கத்தக்கனவல்ல. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை விதிக்கப்பட்டது. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் தடுக்கப்பட்டன. தாடி மழிக்கப்பட வேண்டும் என்றாயிற்று. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமைக்கு இவ்வாணை முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எனவே சிப்பாய் உருவமொன்றின் நெற்றியில் இடும் நுண்ணிய வெண்கோடு அழகுக்குரியதாக மட்டும் அமைவதில்லை. அக்கோட்டுக்காக உயிர்கள் போயின.

கொலுப் படியின் வீரர்

போர் நடந்த கரைக்கு அண்மையிலுள்ள மயிலாப்பூரில் வண்ணம் தீட்டிய சிற்றுருவங்களுக்குத் தனி மரபு உண்டு. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைக் கடைகள் நிறைகின்றன. பண்ருட்டியின் களிமண் பொம்மைகளும் காஞ்சிபுரத்தின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் சென்னைக் கொசப்பேட்டையில் வனையப்பட்டவையும் வீடுகளுக்குச் செல்கின்றன. ‘கொலு’ என்ற சொல்லே அரசன் வீற்றிருக்கும் அவையைக் குறிப்பது. விசயநகரத்தில் மகாநவமி விழா படைகளை அரசன் பார்வையிடும் விழாவாகவும் விளங்கியதை 1520-களில் அங்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ் விரிவாக எழுதியுள்ளார்.

கொலுவில் படையின் சாயல் ஊர்வலமாகவும் காவலர் வாத்தியக் குழுவாகவும் இடம்பெறுகிறது. அங்கு எதிரணி இல்லை; போர் இல்லை. வெள்ளை அடிப்பூச்சின்மேல் உடல் நிறம், உடை, அணிகலன் என்ற வரிசையில் வண்ணம் ஏற்றிக் கண்ணை இறுதியில் எழுதும் கைவினைஞர், சீருடை விதியைத் தேடுவதில்லை. பளிச்சென்ற நிறமும் மங்கலத் தோற்றமுமே அளவுகோல். ஆகவே கொலு வீரரைக் கொண்டு ஒரு காலத்தின் சீருடையை அறிய முயல்வது தவறு. படைபலத்தை ஒரு வீடு எவ்வாறு அணிவகுப்பாக மாற்றி ஏற்றுக்கொண்டது என்பதை அறியவே அவ்வுருவம் சான்றாகும்.

மறுபூச்சு என்னும் சிக்கல்

இரு மரபுகளுக்கும் பொதுவான இடர் மறுபூச்சு. வண்ணம் மங்கிய கொலுப் பொம்மைக்குப் புதுப் பூச்சு இடுவது இயல்பான பராமரிப்பு. ஆயின் அடியிலுள்ள பழைய பூச்சு அதனால் மறைகிறது. தலைமுறைகளாகக் காக்கப்படும் பொம்மையின் வடிவம் பழையதாயினும் வண்ணம் அண்மைக்காலத்ததாக இருத்தல் கூடும்.

பெரிய அளவில் இதற்குச் சான்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-இல் நடந்த போரைக் காட்டும் சுவரோவியம். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் உள்ள அவ்வோவியம் மைசூர்ப் படையையும் கம்பெனிப் படையையும் வண்ணத்தில் தருவதால் சிற்றுருப் படை தீட்டுவோருக்குப் பெருந்துணை. ஆயின் அது 1799-க்குப் பின் ஆர்தர் வெல்லெஸ்லி காலத்திலும், 1850-களில் டல்ஹவுசியின் ஆணைப்படியும் மீண்டும் தீட்டப்பட்டது. திப்புவின் வெற்றியைக் காட்டும் ஓவியத்தின் நிறங்கள் அவரை வென்றோர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. அதிலுள்ள ஒரு சட்டையின் நிறத்தை 1780-க்குரியது என்று ஐயமின்றிக் கூறல் இயலாது.

முடிவுரை

சிற்றுருப் படைக்கு வண்ணம் தீட்டுவதை வரலாற்று மீட்டுருவாக்கமாகக் கருதினால், ஒவ்வொரு நிறமும் நேர்ச்சான்று, ஒப்புச்சான்று, ஊகம் என்னும் மூன்று நிலைகளுள் எதனைச் சார்ந்தது என்று உடன் பதிவு செய்தல் வேண்டும். அருங்காட்சியக மாதிரிகளுக்கும் பாடநூல் ஓவியங்களுக்கும் இது பொருந்தும். பழைய கொலுப் பொம்மைகளைப் பொறுத்தவரை, மறுபூச்சுக்கு முன் நிழற்படம் எடுத்து, பொம்மை வாங்கிய ஊரையும் காலத்தையும் குறித்துவைத்தல் எளிய, ஆனால் தள்ளிப்போடக் கூடாத பணி.

அடையாற்றுப் போரின் மேசையில் சான்றுடன் தீட்டக்கூடிய உருவங்கள் மிகச் சில. ஊகத்தால் நிறம் பெறுபவை சிப்பாய்களின் முப்பத்தைந்து உருவங்களும் எதிரணியின் ஐந்நூறும். அவற்றை நம்பத்தகுந்த நிறங்களால் நிறைத்துவிட்டு அமைவதைவிட, அவை ஊகங்கள் என்று வெளிப்படக் கூறுவதே ஆற்றில் இறங்கியவர்க்கும் கரையில் நின்றவர்க்கும் வரலாறு செய்யும் நேர்மையாகும்.