இதழ்களின் வகையும் வாசகனின் முகமும்

நாளேடு, வார ஏடு, இயக்க ஏடு, வெகுமக்கள் நாளேடு எனப் பத்திரிகைகளை வகைப்படுத்துவது பாடநூல் மரபு. வெளிவரும் கால இடைவெளியும் பொருளடக்கமும் அங்கே அளவுகோல்கள். தமிழ் இதழியல் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு வேறோர் அளவுகோல் புலப்படும்: இதழ் எவரைத் தன் வாசகராக எண்ணியது? மொழிநடை அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தது.

1878இல் நண்பர்கள் ஐவருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் 'தி இந்து'வைத் தொடங்கியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலம் அறியாதோர்க்கும் அரசியல் சென்று சேரவேண்டும் என்று 1882இல் 'சுதேசமித்திரன்' வார ஏட்டை நிறுவினார். 1899இல் அது நாளேடாயிற்று. ஆயினும் அதன் வாசகர் பெரும்பாலும் நகரத்துக் கற்றோரே. ஆங்கிலச் செய்திகளை அன்றன்றே பெயர்க்கவேண்டிய அவசரத்தில், வடசொல் மிகுந்த நடையொன்று உருவாயிற்று. 1904இல் அங்கே துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியின் பணியும் பெரிதும் மொழிபெயர்ப்பே.

அதே பாரதி 1906இல் 'இந்தியா' வார ஏட்டில் எழுதத் தொடங்கியதும் நடை மாறிற்று. வார ஏடு செய்தியைத் துரத்த வேண்டியதில்லை. அதை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். எழுத்தறியாதோரும் புரிந்துகொள்ளக் கருத்துப்படங்களும் வெளியாயின. அந்தத் துணிவுக்கு விலையும் இருந்தது. 1908இல் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதி புதுவை சென்றார். இதழும் அங்கே இடம்பெயர்ந்து 1910இல் நின்றது.

1925இல் ஈரோட்டிலிருந்து பெரியார் தொடங்கிய 'குடி அரசு' வாசகரை இயக்கத்தின் பங்காளியாக்க முனைந்தது. கருத்தோடு எழுத்தையும் சீர்திருத்தியது: 'லை', 'னை', 'றா' போன்றவற்றின் பழைய வடிவங்களை 1935இல் கைவிட்டது. தமிழக அரசு அம்மாற்றத்தை ஏற்றது 1978இல்தான்.

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே 'தினத்தந்தி'. லண்டனில் சட்டம் பயின்ற அந்த பாரிஸ்டர் மனத்திற் கொண்ட வாசகர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர். தேநீர்க் கடையில் பிறர் படிக்கக் கேட்பவர். ஆகவே கொட்டை எழுத்துத் தலைப்பு, சிறு வாக்கியம், பேச்சில் புழங்கும் சொல். நாள்தோறும் செய்தித்தாள் வாங்குவது எளியவர்க்கும் உரிய பழக்கமாயிற்று.

இன்றும் சில ஆய்வேடுகள் 'தந்தி'யின் நடையை இழிவாகவும் 'மித்திர'னின் நடையைத் தரமாகவும் பேசிக் கடந்துவிடுகின்றன. ஒன்றின் கோலால் மற்றொன்றை அளப்பது முறையன்று. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரே வகை இதழை மட்டும் சான்றாகக் கொண்டு ஒரு காலத்தை எழுதினால், அவ்விதழ் தன் வாசகராக எண்ணாத மக்கள் வரலாற்றிலிருந்தே காணாமற் போவர். இதழின் மௌனமும் ஓர் ஆவணமே. அதைப் படிக்க, பக்கத்தில் வேறொரு வகை இதழையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.