தெரேசின் முகாமின் ஓவிய வகுப்பு: கலைக்கல்வியும் இளையோர் உளநலமும்

ஓவியம், களிமண் வேலை, நாடகம், இசை முதலிய கலைகள் இளையோரின் மனநலத்துக்குத் துணைசெய்யும் என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டார அலுவலகம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. இக்கருத்து ஆய்வுக்கூடங்களில் மட்டும் பிறந்ததன்று. அதன் வேர்களில் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செக் நாட்டின் தெரேசின் முகாமில் நடந்த ஓர் ஓவிய வகுப்பில் இருக்கிறது. அந்த வகுப்பை நடத்தியவர் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் போர் முடியும்வரை உயிரோடு இருக்கவில்லை, அவரும் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சின.

முன்வரலாறு: வியன்னாவும் பௌஹவுஸும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் பள்ளிகளில் ஓவியப் பாடம் என்பது பெரும்பாலும் மாதிரியைப் பார்த்து அப்படியே வரையும் பயிற்சியாக இருந்தது. கோடு நேராக விழ வேண்டும், நிழல் சரியாக அமைய வேண்டும் என்பதே குறிக்கோள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியர் 1897-இல் சிறுவர்களுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கி இம்முறையை மாற்றினார். பெரியவர்களின் படங்களைப் பிரதி செய்யாமல், குழந்தைகள் தம் மனத்தில் தோன்றுவதைத் தம் போக்கில் வரைய அவர் இடங்கொடுத்தார். குழந்தையின் படத்துக்கு அதற்கேயுரிய மதிப்பு உண்டு என்ற எண்ணம் பரவியதில் இந்த வகுப்புக்குப் பெரும் பங்குண்டு.

1898-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ஃபிரீடல் டிக்கர் இச்சூழலில் வளர்ந்தார். யொஹான்னஸ் இட்டனிடம் ஓவியம் பயின்றார். இட்டன் 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றபோது, அவரைப் பின்தொடர்ந்த மாணவர்களுள் டிக்கரும் ஒருவர். இட்டனின் வகுப்புகள் மூச்சுப் பயிற்சியோடும் உடலசைவோடும் தொடங்கும். தாளத்துக்கேற்பக் கையை வீசிக் கோடிடுவது, ஒரு பொருளின் சொரசொரப்பையும் எடையையும் உணர்ந்து பின் அதை வரைவது ஆகியன அவருடைய பயிற்சிகள். பிற்காலத்தில் தெரேசினில் டிக்கர் கையாண்டதும் பெரிதும் இம்முறையே.

வியன்னாவுக்குத் திரும்பிய டிக்கர், ஃபிரான்ஸ் சிங்கருடன் இணைந்து கட்டட, அறைகலன் வடிவமைப்பில் புகழ்பெற்றார். 1930-களின் தொடக்கத்தில் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். இடதுசாரி அரசியல் செயல்பாட்டுக்காக 1934-இல் கைதாகி, விடுதலைக்குப்பின் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே உளப்பகுப்பாய்வாளர் அன்னி ரைக்கிடம் தம் சொந்தத் துயரங்களுக்குத் தீர்வு தேடினார். நாஜி ஆட்சிக்குத் தப்பி பிராகில் தஞ்சமடைந்திருந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். வீட்டையும் நாட்டையும் இழந்த குழந்தைகளுக்கு வரைதல் எத்தகைய பிடிமானத்தைத் தருகிறது என்பதை அவர் நேரில் கண்டது இக்காலத்தில்தான். அந்த வகுப்புகளில் அவருக்கு உதவியவர் எடித் கிராமர் என்ற இளம் மாணவி. 1936-இல் டிக்கர் பாவெல் பிராண்டைஸை மணந்தார்.

தெரேசினில் குழந்தைகள்

தெரேசின், பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோட்டை நகரம். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக மாற்றினர். போர் முடிவதற்குள் 1,40,000-க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர். பசியாலும் நோயாலும் சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தனர். 80,000-க்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முதலிய கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

முகாமுக்குள் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்த யூத அமைப்பு, சிறுவர்களைப் பெரியவர்களின் நெரிசலிலிருந்து பிரித்துத் தனி இல்லங்களில் தங்கவைத்தது. பள்ளிக் கல்விக்குத் தடை இருந்தது. பாட்டு, விளையாட்டு, கைவேலை ஆகியவை அனுமதிக்கப்பட்டன. ஓவியம் கைவேலைக் கணக்கில் சேர்ந்ததால் அந்த வகுப்பு நடக்க முடிந்தது.

டிக்கர்-பிராண்டைஸும் கணவரும் 1942 டிசம்பரில் தெரேசினுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுக்கு 50 கிலோ சுமை கொண்டுவரலாம் என்பது விதி. அவர் தம் பங்கில் பெரும்பகுதியைத் தாள், வண்ணம் முதலிய ஓவியப் பொருள்களுக்கே ஒதுக்கினார். அவை தீர்ந்தபின் பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொட்டலத் தாளும் பயன்பட்டன. வண்ணம் கிடைக்காதபோது அச்சிட்ட தாள்களைக் கிழித்து ஒட்டிப் படம் செய்தனர். எல் 410 எனக் குறியிடப்பட்ட சிறுமியர் இல்லத்தில் அவர் தங்கிக் கற்பித்தார்.

வகுப்பு நடந்த முறை

பாடம் பெரும்பாலும் தாளப் பயிற்சியோடு தொடங்கியது. பின்னர் கண்முன் உள்ள எளிய பொருள்களை வரைதல், பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து அவற்றின் அமைப்பைத் தாள் துண்டுகளால் உருவாக்குதல், விரும்பியதை வரைதல் எனப் பல வகைகள் இருந்தன. குழந்தைகள் வீடு, தோட்டம், பூக்கள், வண்ணத்துப்பூச்சி, விருந்து மேசை ஆகியவற்றை வரைந்தனர். அடுக்குக் கட்டில்கள், உணவு வரிசை, காவலர்கள், நோயாளிகள் ஆகியோரும் படங்களில் இடம்பெற்றனர். எதை வரைய வேண்டும், எதை மறக்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தவில்லை.

படத்தில் தம் பெயரை எழுதக் குழந்தைகளை அவர் ஊக்குவித்தார். பல படங்களில் பெயரோடு வயதும் அறை எண்ணும் உள்ளன. மனிதர்களை எண்ணாகவும் பட்டியலாகவும் மாற்றிய ஓர் இடத்தில் தன் பெயரைத் தானே எழுதுவது சிறிய செயலன்று. இன்று அந்தப் படங்கள் யாருடையவை என்று அறிய முடிவதற்கும் இதுவே காரணம்.

1943-இல் முகாமிலேயே குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு ஆசிரியர்களிடையே டிக்கர்-பிராண்டைஸ் சிறுவர் ஓவியம் குறித்து உரையாற்றினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியராக்குவது இவ்வகுப்பின் நோக்கமல்ல. படைக்கும் ஆற்றலை விடுவித்து, கற்பனையைத் தூண்டி, கவனித்துப் பார்க்கவும் சுயமாக முடிவெடுக்கவும் கற்பிப்பதே நோக்கம் என்பது அவ்வுரையின் சாரம். பெரியவர்கள் அவசரப்பட்டுத் திருத்தினால் குழந்தை தன் அனுபவத்தைத் தானே வெளிப்படுத்தும் வழியை இழந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார்.

இரண்டு பெட்டிகள்

1944 செப்டம்பர் இறுதியில் பாவெல் பிராண்டைஸ் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்டார். கணவரைப் பின்தொடர்ந்து செல்ல ஃபிரீடல் தாமே முன்வந்தார். அக்டோபர் 6 அன்று அவர் ஏறிய ரயில் ஆஷ்விட்ஸுக்குச் சென்றது. சில நாள்களில் பிர்கெனாவில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய மாணவர்கள் பலரும் அதே இலையுதிர் காலத்தில் அனுப்பப்பட்டு மாண்டனர். பாவெல் உயிர் தப்பினார்.

புறப்படுமுன் குழந்தைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி அவர் விட்டுச்சென்றிருந்தார். சிறுமியர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோவாக் 1945-இல் அவற்றைப் பிராக் யூத சமூகத்திடம் ஒப்படைத்தார். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

முகாமிலிருந்து மருத்துவத்துக்கு

எடித் கிராமர் 1938-இல் அமெரிக்கா சென்றிருந்தார். நியூயார்க் மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் கொண்ட சிறுவர்களுக்கான வில்ட்விக் பள்ளியில் 1950 முதல் ஏழு ஆண்டுகள் ஓவியம் கற்பித்து, அந்த அனுபவத்தை 1958-இல் நூலாக்கினார். பிராக் வகுப்புகளில் கண்ட விதை இவ்வாறு அமெரிக்காவில் ஒரு தொழில்துறையாக வளர்ந்தது. இதே காலத்தில் வேறு இடங்களிலும் ஒத்த முயற்சிகள் நடந்தன. பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது தமக்கு உதவிய ஓவியத்தைப் பிற நோயாளிகளுக்கும் கற்பித்தார். 'கலைச் சிகிச்சை' என்ற பெயரை 1942-இல் அவர் வழங்கினார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், படத்தை ஆழ்மனம் பேசும் மொழியாகக் கருதி உளச்சிகிச்சையில் பயன்படுத்தினார். கிராமரோ படைக்கும் செயலே ஆற்றுப்படுத்துகிறது என்றார்: கோபமும் அச்சமும் ஒரு வடிவத்துக்குள் அடங்கும்போது குழந்தை அவற்றை ஆளக் கற்கிறது. இத்துறையில் இவ்விரு போக்குகளும் இன்றும் தொடர்கின்றன.

தமிழர் வாழும் நிலத்திலும் இவ்வரலாற்றின் ஒரு கிளையைக் காணலாம். இலங்கைப் போரின் நடுவே, 1996-இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் அமைதிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடிய ஓவியர் பால் ஹோகன் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கு ஒன்றாகக் கூடி வரைந்தனர், மண்ணில் உருவங்கள் செய்தனர், கதை சொல்லி நடித்தனர். ஒருவரையொருவர் அஞ்சப் பழகியிருந்த பிள்ளைகள் ஒரே மேசையில் வேலை செய்ய அது இடமளித்தது.

வரலாறு சொல்வது

தெரேசின் வகுப்பு எவரையும் கொலையிலிருந்து காக்கவில்லை. கலை பசியையோ நோயையோ போரையோ நீக்காது. கடும் மனநோய்க்கு மருத்துவத்தின் இடத்தையும் அது பிடிக்க முடியாது. ஒரு குழந்தை கறுப்பு வண்ணத்தை மிகுதியாகப் பூசியது என்பதைக் கொண்டு அதன் மனத்தைத் தீர்மானிப்பதும் தவறு. கையருகே இருந்தது கறுப்புப் பென்சில் மட்டுமாகவும் இருக்கலாம்.

ஆயினும் உயிர் தப்பிய மாணவர்கள் சிலர், அந்த வகுப்பு மணிநேரங்களைத் தம் முகாம் வாழ்வின் நல்ல நினைவாகப் பிற்காலத்தில் பதிவுசெய்தனர். அவர்களுள் எர்னா ஃபர்மன் பின்னாளில் அமெரிக்காவில் குழந்தை உளப்பகுப்பாய்வாளராகப் பணியாற்றினார். அவ்வகுப்பில் அவர்களுக்குக் கிடைத்தவை எளியவை: குறித்த நேரத்தில் தவறாமல் வரும் ஓர் ஆசிரியர், பிறர் தீர்மானிக்காத ஒரு தாள், மதிப்பெண் இல்லாத வேலை, அதில் எழுத ஒரு பெயர். இவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை. தேர்வு நெருங்கும்போது முதலில் பறிக்கப்படுவது ஓவிய வகுப்பாக இருக்கும் பள்ளிகளில், இந்த நான்கில் எது மாணவருக்கு இப்போது கிடைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.