செவிலி என்னும் சொல்லும் செவிலியர் கல்வியும்

செவிலியர் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவரிடம் செவிலியரின் பணி யாது என வினவினால், 'சேவை', 'அன்பு' என்னும் சொற்களே பெரும்பாலும் முதலில் வரும். இவ்விடை பாடநூலிலிருந்து வந்ததன்று. தொழிலின் பெயர்களோடு சேர்ந்து வந்தது.

சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். நோயாளியைப் பேணுபவள் அல்லள். இலங்கைத் தமிழர் வழங்கும் 'தாதி' என்பதும் வளர்ப்புத் தாயைக் குறித்த வடசொல்லின் வழிவந்ததே. 'நர்ஸ்' என்பதன் இலத்தீன் வேர் ஊட்டி வளர்த்தலைச் சுட்டும். 'சிஸ்டர்' என்னும் விளி, நோயாளிகளைப் பேணிய கிறித்தவத் துறவுச் சபைக் கன்னியரை நினைவூட்டுவது. தாய்க்கும் சகோதரிக்கும் எவரும் தேர்வு வைப்பதில்லை. ஊதியம் பேசுவதும் இல்லை.

ஆயினும் இந்திய மருத்துவ மரபு இப்பணியை உறவாக மட்டும் கண்டதில்லை. சரக சம்ஹிதை மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என நான்கு கூறுகளை வகுத்து, பணிவிடையாளருக்கு உரிய பண்புகளாகப் பணிமுறை அறிவு, திறன், அன்பு, தூய்மை ஆகியவற்றை உரைக்கிறது. அறிவு முதலில் நிற்கிறது. அன்பு மூன்றாவதாக வருகிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் இந்நான்கனுள் ஒருவராக 'உழைச்செல்வான்' என்பவரை வைக்கிறது.

1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார் எனக் கணக்கிட்டது. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டு, பயிற்சிக்கு நாடு தழுவிய ஒரே தரத்தை நிறுவ வழி பிறந்தது. பணிவிடை என்று கருதப்பட்டது பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும் துறையாயிற்று.

எனினும் பழைய எண்ணம் ஊதியப் பட்டியலில் நீடித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது எனப் பரிந்துரைக்க நேர்ந்தது. சேவைக்கு விலை ஏது என்னும் பேச்சு, குறைந்த கூலிக்கும் எளிதில் நியாயமாகிவிடுகிறது.

மருந்தின் அளவைக் கணக்கிடுவதும், நோயாளியின் நிலை சரிவதை முதலில் கண்டு மருத்துவருக்கு உணர்த்துவதும் செவிலியரின் அன்றாடப் பணி. இதற்கு அன்பு மட்டும் போதாது. பெண்ணை மட்டும் குறித்த 'செவிலி', இன்று ஆண்களையும் உள்ளடக்கிய 'செவிலியர்' ஆகியிருக்கிறது. சொல் விரிந்த அளவுக்கு அச்சொல்லைத் தாங்கும் மாணவரின் தன்மதிப்பும் விரிதல் வேண்டும்.