கலிபோர்னியாவின் துணைக் குடியிருப்புச் சட்டங்கள்

துணைக் குடியிருப்பு என்பது ஒரே வீட்டுமனையில் முதன்மை வீட்டோடு கூடுதலாக அமையும் சிறு வீடு. இதற்குத் தனிச் சமையலறை, குளியலறை, தனி வாசல் ஆகியவை உண்டு. கொல்லைப்புறத்தில் புதிதாகக் கட்டலாம். வீட்டின் ஒரு பகுதியையோ கார் நிறுத்தும் கட்டடத்தையோ மாற்றியும் அமைக்கலாம். அமெரிக்கச் சட்ட வழக்கில் இதன் பெயர் ஆக்சசரி டுவெல்லிங் யூனிட். மக்கள் பேச்சில் 'கிரானி ஃபிளாட்', அதாவது பாட்டி வீடு. கலிபோர்னியா மாநிலம் இதற்காக 1982இலேயே சட்டம் இயற்றியது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் சாதாரண வீட்டுக்காரர் ஒருவர் அந்தச் சட்டத்தை நம்பிச் செங்கல் எடுத்து வைக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மாநிலத்துக்கும் நகராட்சிகளுக்கும் நடந்த இழுபறியே இச்சட்டங்களின் வரலாறு.

ஒரு மனைக்கு ஒரு வீடு

1916ஆம் ஆண்டு பெர்க்லி நகரம் எல்ம்வுட் பகுதியில் ஒரு மனையில் ஒரு குடும்ப வீடு மட்டுமே இருக்கலாம் என்று விதித்தது. அமெரிக்காவில் இத்தகைய மண்டல விதிக்கு இதுவே தொடக்கம் என்பது பரவலான கருத்து. மறு ஆண்டே, இன அடிப்படையில் குடியிருப்புப் பகுதிகளைப் பிரிக்கும் நகர விதிகள் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனத்தைச் சொல்லித் தடுக்க முடியாதபோது, வீட்டின் வகையைச் சொல்லித் தடுப்பது எளிதாயிற்று. வாடகைக்கு வருவோரும் வருவாய் குறைந்தோரும் அதனால் தாமாகவே வெளியே நின்றனர். 1926இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டல விதிகளை ஏற்றுக்கொண்டது. அடுக்குமாடிக் கட்டடங்களை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டதும் அதே தீர்ப்புதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகிய புறநகர்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன.

1982: கதவு திறந்தும் வழி இல்லை

1982இல் இயற்றப்பட்ட சட்டம் நகராட்சிகளுக்கு மூன்று வழிகளைத் தந்தது. துணைக் குடியிருப்புக்கெனச் சொந்த விதி இயற்றலாம். விதி இயற்றாவிட்டால் மாநில அளவுகோல்படி விண்ணப்பத்தை ஆராய வேண்டும். மூன்றாவது வழி, முற்றிலும் தடை செய்வது. ஆனால் தடை செய்யும் ஊர், அதனால் வீட்டு வாய்ப்புகள் குறையக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, தடைக்கான காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும்.

அப்படி எழுதித் தர எந்த ஊர்தான் விரும்பும்? தடையை விடச் சொந்த விதியே வசதியாக இருந்தது. பெரிய மனை வேண்டும் என்றார்கள், கூடுதல் கார் நிறுத்துமிடம் கேட்டார்கள், அண்டை வீட்டார் வந்து பேசும் பொது விசாரணை வைத்தார்கள், கட்டணங்களை ஏற்றினார்கள். ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். எல்லாம் சேர்ந்தபோது தடைக்கும் அனுமதிக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று.

யார் குடியிருக்கலாம் என்பதிலும் நகரங்கள் கை வைத்தன. சான்டா மோனிகா நகரின் விதி, சிறு வீட்டில் உரிமையாளரைச் சார்ந்து வாழ்வோரும் பராமரிப்பாளரும் மட்டுமே தங்கலாம் என்றது. அப்படியானால் சம்பாதித்துத் தன் காலில் நிற்கும் மகளுக்குக்கூட அங்கே இடமில்லை. 2001இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. மாநில அரசியலமைப்பு தரும் தனியுரிமைக்கும் சம பாதுகாப்புக்கும் அது முரணானது என்பது தீர்ப்பு.

2002இல் சட்டமன்றம் பொது விசாரணையை நீக்கியது. விதிக்குப் பொருந்தும் விண்ணப்பத்துக்கு அலுவலரே அனுமதி தர வேண்டும். 2003 ஜூலை முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மனை அளவு, கார் நிறுத்துமிடம் பற்றிய உள்ளூர் விதிகள் அப்படியே நின்றன. விசாரணை போனது, முட்டுக்கட்டை போகவில்லை.

2016 முதல்

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் பழைய கடுமையான விதியை ஒதுக்கிவிட்டு, மாநில அளவுகோல்படி அனுமதி வழங்கி வந்தது. இது தவறென்று வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் நீதிமன்றமும் தவறென்றே சொன்னது. அனுமதிகள் தடைபட்டன. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. 1982இலும் 2016இலும் ஆளுநராக இருந்தவர் ஜெர்ரி பிரவுன் என்பது வியப்பான பொருத்தம்.

2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டங்களின் உண்மையான பலம் ஒரே பிரிவில் இருந்தது: மாநிலச் சட்டத்துக்குப் பொருந்தாத உள்ளூர் விதி தானாகவே செல்லாததாகும். பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் கார் நிறுத்துமிடம் கேட்கக் கூடாது. விண்ணப்பத்தை 120 நாளில் முடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே 500 சதுர அடிக்கு மிகாமல் அமைக்கும் 'இளைய' துணைக் குடியிருப்பும் அப்போதுதான் சட்டத்தில் இடம்பெற்றது.

2019இல் இயற்றிய சட்டங்கள் மீதமிருந்த முடிச்சுகளை அவிழ்த்தன. 120 நாள் 60 நாளாயிற்று. குறைந்தபட்ச மனை அளவு என்ற நிபந்தனை ஒழிந்தது. 800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி இடைவெளி என்ற அளவுக்குள் அமையும் வீட்டை எந்த நகரமும் மறுக்க இயலாது. 750 சதுர அடிக்குக் குறைந்தவற்றுக்கு வளர்ச்சிக் கட்டணம் இல்லை. உரிமையாளரும் அதே மனையில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை முதலில் 2025 வரை நிறுத்தி வைக்கப்பட்டது. 2023இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. 2022இல் மாநிலம் முழுவதும் வழங்கிய அனுமதிகள் 20,000ஐத் தாண்டின.

எனினும் இது மனை உள்ளவருக்கான சட்டமே. தனியாக ஒரு சிறு வீடு கட்ட ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். அவ்வளவு கடன் கிடைக்காத உரிமையாளருக்கு 60 நாள் அனுமதியால் பயன் குறைவு. சிறு வீட்டைத் தனியாக விற்க நகரங்கள் விரும்பினால் இடமளிக்கலாம் என்று 2023இல் சட்டமாயிற்று. 2024இல் சான் ஹொசே அதை முதலில் ஏற்றது.

கார் கொட்டகையிலும் அடித்தளத்திலும் அனுமதியில்லாமல் முன்பே அமைந்த குடியிருப்புகள் ஏராளம். புகார் ஒன்று போனால் குடியிருப்பவர் தெருவுக்கு வர வேண்டியதுதான். 2024இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2020 ஜனவரி 1க்கு முன் கட்டியவற்றை விதிமீறலைக் காட்டி நகரங்கள் நிராகரிக்க முடியாது. குடியிருக்கத் தகாத அளவுக்கு ஆபத்து இருந்தால், அதைச் சரிசெய்யுமாறு மட்டும் கேட்கலாம்.